புரிந்தால் போதாதா? எழுத்துப்பிழையும் நிறுத்தற்குறியும்

கேள்வி (ஒரு வாசகர்)
04.06.2024, இரவு 9.10

எங்கள் குடியிருப்பில் 64 வீடுகள். சங்கச் செயலாளர் என்ற முறையில் நேற்று மாலை வாட்ஸ்அப் குழுவில் இப்படிப் போட்டேன்: "நாளை தண்ணீர் வராது காலை 7 மணிக்கு மேள் லாறி வரும் பணம் கட்டாதவர்கள் கட்டவும் சனிக்கிழமை வரை இப்படித்தான் இருக்கும்". ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் "மேள், லாறி! இதுதான் உங்கள் தமிழா?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டார். வேலைக்கு நடுவில் ஒற்றைக் கையால் தட்டியது. நான் என்ன புத்தகமா எழுதுகிறேன்? புரிந்தால் போதாதா?

04.06.2024, இரவு 10.05

போதாது.

மதுரையில் ஓர் அச்சகத்தில் 22 ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். ஈய எழுத்தில் தொடங்கிக் கணினியில் முடித்தேன். எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர் முன்னால் இருக்கும் கேஸில், அதாவது எழுத்துப் பெட்டியில், ந, ன, ண மூன்றுக்கும் தனித்தனி அறை. எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பியிருக்கும். படித்துப் பார்த்து எடுக்க நேரம் இருக்காது, கைதான் அறையைத் தேடிப் போகும். கை ஒருமுறை தவறாகப் பழகிவிட்டால் திருத்துவது பெரும்பாடு. அதனால்தான் "ஏதோ ஒன்று, புரிந்தால் சரி" என்ற பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது.

ஒரு கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி. இறந்தவர் பெயரில் 'ள' வர வேண்டிய இடத்தில் 'ல' விழுந்துவிட்டது. புரூஃப் பார்த்தவள் நான். 200 தாள் அச்சாகி, மூத்த மகன் எடுத்துப் போக வந்து நின்றபோதுதான் அவர் கண்ணில் பட்டது. சத்தம் போடவில்லை. "இது எங்கள் அப்பா இல்லையே" என்று மட்டும் சொன்னார். மறுபடி அடிக்கக் காகிதம் இல்லை, மணி பத்தாகிவிட்டது. அதே அளவில் 'ள' எழுத்தை வரிசை வரிசையாக அடித்து, கத்தரியால் நறுக்கி, மைதாப் பசை தடவி ஒவ்வொரு தாளிலும் ஒட்டினோம். விடியற்காலையில் சுவற்றில் ஒட்டிய பிறகு தெருமுனையில் நின்று பார்த்தேன். அந்த ஓர் எழுத்து மட்டும் ஈரம் காயாமல் மற்றவற்றைவிடக் கறுப்பாகத் தெரிந்தது.

ஆசிரியர் எல்லோர் முன்னிலையிலும் கேட்டது தவறு. கேட்டதே தவறு என்று நான் சொல்லமாட்டேன்.

05.06.2024, காலை 8.40

பஸ்ஸில் உட்கார்ந்து உங்கள் அறிவிப்பை நான்கைந்து முறை படித்தேன். நேற்று இரவு அவசரப்பட்டுவிட்டேன்.

'மேள்' என்று ஒரு சொல்லே தமிழில் இல்லை. எனவே அதை வேறு எதுவாகவும் படிக்க வழியில்லை. 64 வீட்டிலும் 'மேல்' என்றே படித்திருப்பார்கள். 'லாறி'யும் அப்படித்தான். ஆசிரியர் பிடித்த இரண்டு பிழைகளும் யாரையும் ஏமாற்றியிருக்காது.

ஏமாற்றக்கூடிய இடம் வேறு. "நாளை தண்ணீர் வராது காலை 7 மணிக்கு மேள்" என்று ஒரே மூச்சில் படித்தால் என்ன பொருள்? ஏழு மணி வரை குழாயில் வரும், அதன் பிறகு நிற்கும். 'வராது' என்பதோடு நிறுத்திப் படித்தால்தான் நீங்கள் நினைத்த பொருள். அடுத்த பாதியும் அதே கோளாறு: "கட்டாதவர்கள் கட்டவும் சனிக்கிழமை வரை" என்று படித்தவர் பணம் கட்டச் சனிக்கிழமை வரை நேரம் இருக்கிறது என்று நினைப்பார்.

ஒன்று கேட்கிறேன். நேற்றுக் காலை யாராவது குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்களா?

05.06.2024, பகல் 1.20

செயலாளர் பதில் எழுதிவிட்டார்: பதினைந்து வீடுகளுக்கு மேல் இரவில் தண்ணீர் பிடித்து வைக்கவில்லையாம். "ஏழு மணி வரை வரும் என்றுதானே போட்டிருந்தீர்கள்" என்று காலையில் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். பிழையைச் சுட்டிய ஆசிரியர் வீடும் அதில் ஒன்று.

என் கேள்வியை மாற்றிக்கொள்கிறேன். கண்ணுக்குத் தெரியும் பிழையை எல்லோரும் பிடித்துவிடுகிறோம். இட வேண்டிய இடத்தில் இடாத புள்ளி கண்ணுக்குத் தெரிவதில்லை. எது அதிகக் கெடுதல்?

05.06.2024, இரவு 11.00

"தமிழுக்கு நிறுத்தற்குறியே தேவையில்லை, அது வெள்ளைக்காரன் கொடுத்தது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதி உண்மை. அந்தப் பாதியை முதலில் ஒப்புக்கொள்கிறேன்.

நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருகிறது. 'வந்தான்' என்றால் வாக்கியம் முடிந்தது. 'வந்து' என்றால் முடியவில்லை. முற்றுப்புள்ளியின் வேலையைச் சொல்லின் ஈறே செய்துவிடுகிறது. 'வந்தாயா' என்பதில் உள்ள ஆ-தான் கேள்விக்குறி. 'அண்ணனும் தம்பியும்' என்பதில் உள்ள 'உம்' காற்புள்ளியின் வேலையையும் சேர்த்துப் பார்க்கிறது. இத்தனை வசதி இருந்ததால்தான் குறிகள் இல்லாமலே பல நூற்றாண்டு எழுத முடிந்தது. அச்சும் உரைநடையும் பெருகிய பிறகுதான் குறிகள் ஊன்றின. ஆறுமுக நாவலரின் (1822–1879) பதிப்புகள் அதற்கு வழிகாட்டின என்று உரைநடை வரலாறு படித்தவர்கள் சொல்வார்கள்.

ஆனால் கைப்பேசியில் நாம் எழுதுவது அந்த உரைநடை இல்லை. பேச்சின் வரிசையில் எழுதுகிறோம். பேசும்போது வினையைச் சொல்லி முடித்த பிறகு, விட்டுப்போனதை வாலில் சேர்ப்போம்: "கொடுத்துவிட்டேன், காலையில்." "போய்விட்டான், ஊருக்கு." குரல் அங்கே தாழ்ந்து நின்றுவிடுவதால் கேட்பவருக்குக் குழப்பமில்லை. அதை அப்படியே எழுத்தாக்கிக் குறியை விட்டுவிட்டால், வாலில் தொங்கும் சொல் பின்னால் வரும் வாக்கியத்தோடு போய் ஒட்டிக்கொள்கிறது. உங்கள் 'காலை 7 மணிக்கு மேல்' அதன் மறுபக்கம்: அடுத்த வாக்கியத்தின் தலையில் நிற்க வேண்டியது, முன் வாக்கியத்தின் வாலாகிவிட்டது.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அம்மா உசிலம்பட்டிப் பக்கம் கிராமத்தில் தம்பியோடு இருக்கிறார். ரத்த அழுத்தத்துக்குத் தினமும் காலையில் ஒரு மாத்திரை. ஒருநாள் பகலில் தம்பி வேலைக்குக் கிளம்பினான். அவன் திரும்ப மறுநாள் மதியம் ஆகும். நான் போய்ச் சேர்வதற்குள் அவன் அனுப்பியிருந்த செய்தி இது:

"மாத்திரை கொடுத்துவிட்டேன் காலையில் கொடுக்க வேண்டாம்"

மறுநாள் காலை அம்மாவுக்கு வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனை. அதனால்தான் காலையில் கொடுக்க வேண்டாம் என்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். பரிசோதனை முடிந்து இட்லி சாப்பிட்ட பிறகும் கொடுக்கவில்லை. பதினொரு மணிக்கு அம்மா திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்காரச் சொன்னால் உட்காரவும் தெரியவில்லை. அளந்து பார்த்தபோது 170-ஐத் தாண்டியிருந்தது. தம்பி சொல்ல நினைத்தது: "மாத்திரை கொடுத்துவிட்டேன் காலையில். கொடுக்க வேண்டாம்." இன்றைய கணக்கு முடிந்தது, மறுபடி கொடுத்துவிடாதே என்பதுதான்.

அந்த வரியில் ஓர் எழுத்துகூடப் பிழையில்லை. ஆசிரியர் நூற்றுக்கு நூறு போடுவார்.

06.06.2024, காலை 6.50

இரவு எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. 'என்று' என்பதும் குறிதான், மேற்கோளை மூடும் குறி. ஆனால் திறக்கும் குறி தமிழில் இல்லை. மேற்கோள் எங்கே முடிகிறது என்று தெரியும். எங்கே தொடங்குகிறது என்று தெரியாது.

தங்கை ஒருமுறை அனுப்பியது: "அக்கா அம்மா வர வேண்டாம் என்று சொன்னாள்". என்னைத்தான் அக்கா என்று விளிக்கிறாள், அம்மா என்னை வர வேண்டாம் என்கிறார் என்று படித்துவிட்டு, எடுத்து வைத்த பையைப் பிரித்துவிட்டேன். அவளுக்கும் எனக்கும் நடுவில் இன்னோர் அக்கா இருக்கிறாள். "அம்மா வர வேண்டாம்" என்று சொன்னது அந்த நடு அக்காள். அம்மா மருத்துவமனைக்கு அலைய வேண்டாம் என்பதற்காகச் சொன்னது. இரண்டு நாள் நான் மனதுக்குள் அம்மாவோடு பேசாமல் இருந்தேன். அம்மாவுக்கு அது இன்றுவரை தெரியாது.

07.06.2024, இரவு 9.30

"ஓலைச்சுவடியில் புள்ளியே கிடையாது, நம் முன்னோர் படிக்கவில்லையா?" என்கிறார் இன்னொருவர்.

படித்தார்கள். என்ன பாடுபட்டுப் படித்தார்கள் என்பதையும் பாருங்கள். மெய்யெழுத்துக்கும், எ, ஒ என்ற குறில்களுக்கும் புள்ளி வேண்டும் என்பது தொல்காப்பிய விதி. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் எழுதியவர்கள் விட்டுவிட்டார்கள். ஒற்றைக் கொம்பே கெ-வுக்கும் கே-வுக்கும் பொது. காலும் ர-வும் ஒரே வடிவம். அப்படியானால் ஓலையில் 'கெடட' என்று இருந்தால் அது 'கெட்ட' ஆகலாம், 'கேட்ட' ஆகலாம். ஒரே வரியில் இப்படி நான்கு இடம் வந்தால் எத்தனை வழியில் பிரியும்? உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சுக்குக் கொண்டுவருமுன் பல ஏடுகளை ஒப்பிட்டு, யாப்பையும் உரையையும் வைத்து ஒவ்வோர் எழுத்தையும் உறுதி செய்ய வேண்டியிருந்தது. பின்னாளில் நெடிலுக்கு இரட்டைக்கொம்பு வந்தது. அதை வீரமாமுனிவர் பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள்.

எழுதியவர் மிச்சம் பிடித்த வேலை எங்கும் போய்விடவில்லை. படித்தவர் தலையில் ஏறியது. சுவடிக்குக் காரணம் இருந்தது, ஓலை கிழியும். கைப்பேசித் திரை கிழியாது.

08.06.2024, காலை 7.15

யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் என்னைத் திருத்தியிருக்கிறார். முழு மனதோடு ஏற்கிறேன்.

'லாறி' பிழை என்பதை நான் யோசிக்காமலே ஒத்துக்கொண்டேன் அல்லவா? அவர்கள் பக்கம் அது 'லொறி'. றகரம்தான் அங்கே சரி. டிக்கெட்டை 'ரிக்கற்', டொரான்டோவை 'ரொறன்ரோ' என்று எழுதுவதைப் பார்த்து, அச்சகத்தில் இருந்த நாளில் நானே சிவப்பு மையால் சுழித்திருக்கிறேன். அவர் விளக்கியது இது: 'ற்' என்பதை அவர்கள் உச்சரிக்கும்போது நாக்கு நுனி மேற்பல்லின் ஈற்றுக்குச் சற்றுப் பின்னால் தட்டுகிறது, டிக்கெட் என்ற ஆங்கிலச் சொல்லின் கடைசி ஒலியும் ஏறக்குறைய அங்கேதான் பிறக்கிறது. நம் 'ட்' அதற்கும் பின்னால், நாக்கை மடித்து எழுப்புவது. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

சுழித்த அந்தக் கட்டுரைகளை எழுதியவர்களிடம் இப்போது போய்ச் சொல்ல முடியாது. இங்கே சொல்லி வைக்கிறேன்.

08.06.2024, மாலை 5.00

வாழ்த்துகளா, வாழ்த்துக்களா என்ற சண்டையை யாரோ இழுத்துவிட்டார். நான் ஒற்று இல்லாமல் எழுதுகிறேன். 'கள்' வெறும் விகுதி, அதற்கு முன் வலி மிக வேண்டியதில்லை என்ற பக்கம் எனக்குச் சரியாகப் படுகிறது. வன்றொடர்க் குற்றியலுகரத்தை, அதாவது 'த்து' போல வல்லின ஒற்றை அடுத்துச் சொல்லின் ஈற்றில் வரும் உகரத்தை, காட்டி மறுப்பவர்களும் படித்தவர்களே. எப்படி எழுதினாலும் வாழ்த்து போய்ச் சேர்ந்துவிடும். இதற்கு மேல் இதில் நான் வரமாட்டேன்.

09.06.2024, பகல் 3.40

ல, ள குழப்பம் ஏன் இப்போது கூடிவிட்டது என்ற கேள்வி. இளைஞர்கள் சோம்பேறிகள் என்ற பதிலை நான் ஏற்கமாட்டேன். தட்டும் முறையைப் பாருங்கள்.

ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் வரவழைப்பவர்களுக்கு ல-வும் ள-வும் ஒரே விசையில் இருக்கின்றன. ஒன்று சிறிய எழுத்து, மற்றது பெரியது. ன-வும் ண-வும் அப்படித்தான். ஓடும் பஸ்ஸில் ஒற்றைக் கட்டைவிரலால் தட்டுகிறவர் பெரிய எழுத்துக்கு மாறுவதில்லை. திரை காட்டும் முதல் சொல்லை எடுத்துக்கொள்கிறார். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டின் வழியாக வந்த தமிழ்99 விசைப்பலகையில் இந்தச் சிக்கல் இல்லை. ல, ள, ழ தனித்தனி விசை. 'க' இருமுறை தட்டினால் முதல் க-வுக்குப் புள்ளி தானாக விழும். ஈய எழுத்துக் கேஸில் இருந்த ஒழுங்கு அதில் இருக்கிறது. பழக இரண்டு வாரம் ஆகும். நான் நாற்பது வயதில் பழகினேன்.

பார்வைக்குத் தெரியாத இன்னொரு பிழையும் உண்டு. 'ஔவை', 'ஒளவை'. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். முதலாவது ஔ என்ற ஒரே எழுத்து. இரண்டாவது ஒ-வும் ள-வும் பக்கத்தில் நிற்பது. பழைய எழுத்துருக்களில் அப்படித்தான் தட்டினோம். காகிதத்தில் எந்த வேறுபாடும் தெரியாது. ஒரு வாடிக்கையாளரின் பழைய அழைப்பிதழைக் கணினியில் 'ஔவையார் தெரு' என்று தேடி ஒரு மணி நேரம் வீணானது. இருக்கிற கோப்பை இல்லை என்றது கணினி. ஒ, ள என்று பிரித்துத் தட்டியதும் உடனே வந்து நின்றது. மனிதர் 'மேள்' என்பதை 'மேல்' என்று படித்துக்கொள்வார். இயந்திரத்துக்கு அந்தப் பெருந்தன்மை எப்போதும் இருப்பதில்லை. நான்கு ஆண்டு கழித்துத் தேட வேண்டிய எதையாவது எழுதினால் எழுத்து சரியாக இருக்கட்டும்.

10.06.2024, இரவு 10.30

சங்கடமானது ஒன்று. எழுத வேண்டாம் என்று இரண்டு நாள் நினைத்தேன்.

அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். 70 வயதுக்கு மேல் கைப்பேசியில் தமிழ் தட்டக் கற்றுக்கொண்டார். அவர் எனக்கு அனுப்பிய மூன்றாவதோ நான்காவதோ செய்தி: "நீ வறும்போது வாளைப்பளம் வாங்கி வா". நான் பதில் அனுப்பினேன்: "வாளை என்றால் மீன் அம்மா. பழம் வேண்டுமானால் வாழை." அன்பாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன். 22 ஆண்டு தொழில், கை தானாகப் போகிறது.

அதன் பிறகு இரண்டு மாதம் அம்மாவிடமிருந்து ஓர் எழுத்தும் வரவில்லை. எல்லாம் குரல் பதிவு. "ஏன் அம்மா எழுதுவதில்லை?" என்று கேட்டதற்கு, "கண் சரியில்லை" என்றார். அதே கண்ணால்தான் தினமும் அரிசியில் கல் பொறுக்குகிறார்.

இப்போது எழுதுகிறார், ஆனால் கைப்பேசியில் இல்லை. தினசரி நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம் பேனாவால் எழுதுகிறார். தம்பி அதைப் படம் பிடித்து அனுப்புகிறான். அதில் 'லை'யும் 'னை'யும் பழைய துதிக்கை வடிவத்தில் இருக்கின்றன. 1978 அக்டோபரில் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தபோது அம்மா பள்ளியை விட்டுப் பதினாறு ஆண்டு ஆகியிருந்தது; அவருக்கு யாரும் வந்து சொல்லவில்லை. அவர் கற்றபோது அதுதான் சரி. 'வாளைப்பளம்' என்பதும் எங்கள் பக்கத்துப் பேச்சில் அப்படித்தான் ஒலிக்கிறது. அம்மா தன் காதை நம்பி எழுதினார்.

அந்தச் செய்தியில் எனக்குப் புரியாதது என்ன இருந்தது? எதுவுமில்லை. பழம் வாங்கிக்கொண்டுதான் போனேன். தம்பியின் பிழையில்லாத வரிதான் அம்மாவைத் தூணைப் பிடிக்க வைத்தது. நான் திருத்தியது அம்மாவை.

11.06.2024, காலை 9.00

"அப்படியானால் எழுத்துப்பிழையே பரவாயில்லையா?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இல்லை. சுவரொட்டியில் அந்த மகன் சொன்னதை நான் மறக்கவில்லை. ஒருவருடைய பெயர், ஊர், மருந்தின் பெயர் ஆகியவற்றில் பக்கத்துச் சொற்களை வைத்து ஊகிக்க வழி கிடையாது. 'மேள்' என்பதை வாக்கியமே திருத்திவிடும். பெயரை எது திருத்தும்?

11.06.2024, இரவு 8.10

மேலே ஜூன் 4 குறிப்பில் 'சுவற்றில்' என்று எழுதியிருக்கிறேன். ஒரு வாசகி தனிச்செய்தியில் சுட்டினார். 'சுவரில்' என்பதே சரி. 'சுவறு' என்றால் வற்றுதல் என்பது வேறு சொல். எல்லோர் முன்னிலையிலும் சொல்லாமல் எனக்கு மட்டும் எழுதினாரே, அதற்கு நன்றி. இடத்தை மாற்றாமல் விட்டிருக்கிறேன், இந்தக் குறிப்பு புரிய வேண்டும் என்பதற்காக.

13.06.2024, மாலை 6.20

தங்கை மகளுக்கு 19 வயது. இந்த இழையைப் படித்துவிட்டுச் சொன்னாள்: "பெரியம்மா, நீங்கள் 'சரி.' என்று புள்ளி வைத்து அனுப்பினால் கோபமாக இருக்கிறீர்களோ என்று தோன்றும்." எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மூன்று ஆண்டுகளாக அவளுக்குக் கோபமாகவே எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவள் அனுப்பும் செய்திகளை எடுத்துக் காட்டச் சொன்னேன். ஒரு வாக்கியம், அனுப்பு. அடுத்த வாக்கியம், அனுப்பு. ஐந்து துண்டு. ஒன்றில்கூடப் புள்ளி இல்லை, ஒன்றில்கூடக் குழப்பம் இல்லை. அனுப்பும் விசைதான் அவளுடைய முற்றுப்புள்ளி! தம்பி அந்த மாத்திரைச் செய்தியை அவளைப்போல் இரண்டு துண்டாக அனுப்பியிருந்தால் போதும். எந்தக் குறியும் வேண்டியிருந்திருக்காது.

எனவே ஜூன் 5 இரவு நான் எழுதியதில் ஒரு திருத்தம். புள்ளிதான் வேண்டும் என்பதில்லை. நிற்க வேண்டிய இடத்தில் நின்றேன் என்பதற்கு ஏதாவது ஓர் அடையாளம் வேண்டும், புதுவரியாக இருந்தாலும் சரி. அவளுக்கு மட்டும் இனி 'சரி' என்று புள்ளி இல்லாமல் அனுப்புகிறேன்.

14.06.2024, காலை 7.30

சந்தியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்கிறார்கள். சுருக்கமாக: அச்சுக்குப் போவதில் ஒற்று விட்டால் எனக்குத் தூக்கம் வராது. கைப்பேசியில் விட்டால் கண்டுகொள்வதில்லை. பாடப்புத்தகம் 'கீரை கடை', 'கீரைக்கடை' என்று பயமுறுத்தும். இத்தனை ஆண்டில் கீரையைக் கடையச் சொன்னதும் ஒருவர் கடைக்குக் கிளம்பிப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

20.06.2024, மாலை 6.40

செயலாளர் திரும்ப வந்திருக்கிறார். மறுபடியும் தண்ணீர் நிற்கிறதாம். அனுப்பும் முன் பார்க்கச் சொல்லிப் போட்டிருப்பது:

நாளை வெள்ளிக்கிழமை குழாயில் தண்ணீர் வராது.
இன்று இரவே பிடித்து வைத்துக்கொள்ளவும்.
லாரி காலை 7 மணிக்கு மேல் வரும் ஞாயிறு வரை இதே நிலைதான்.
குடிநீர் கட்டணம் கட்டாதவர்கள் 25ஆம் தேதிக்குள் கட்டவும்.

முதல் இரண்டு வரியும் நான்காவதும் அப்படியே இருக்கட்டும். மூன்றாவதில் 'வரும்' என்பதற்குப் பிறகு புள்ளி வைத்து, மிச்சத்தை அடுத்த வரிக்குத் தள்ளுங்கள். இல்லாவிட்டால் 'வரும் ஞாயிறு' என்று சேர்த்துப் படித்து, லாரி வருமா வராதா என்று உங்களுக்குத் தொலைபேசி வரும்.

'குடிநீர்க் கட்டணம்' என்று ஒற்று வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் எழுதினால் போடுவேன். நீங்கள் அதற்காக நிற்க வேண்டாம், இப்போதே அனுப்புங்கள். தண்ணீர் பிடித்து வைக்க இன்று இரவு மட்டும்தான் இருக்கிறது.